ஈயத்தாள் பெட்டியும் இடம் மாறிய பொட்டும்

நான் மெஷின் விற்கிறவன் என்று சொன்னபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் அது ஒரு வேலையாகவே படவில்லை. "தையல் மிசினா தம்பி?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா கேட்டார். இல்லை, அச்சடிக்கிற மெஷின் என்றேன். "அச்சடிச்சு வர்றதையே வாங்கிப் படிக்க ஆளக் காணோம். அடிக்கிற மிசின எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டார். கேள்வி நியாயமானதுதான். கொழும்பில் எங்கள் கம்பெனி மேலாளரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார், ஆங்கிலத்தில்.

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இந்த வயதில் பழைய கதை எழுத உட்கார்ந்துவிட்டாயா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்குப் பொறுமை கிடையாது. தலை நரைக்கும்வரை காத்திருந்தால் நடந்ததில் பாதி மறந்துபோகும், மீதியை நானே மினுக்கி வைத்துவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அம்மா கொழுந்தெடுப்பவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வேலை செய்தார். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, கீழேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றில் வாட்டுவார்கள். அந்த மாடிதான் அப்பாவின் உலகம். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மழைக்காலத்தில் தோட்டத்தில் உலர்ந்திருக்கும் ஒரே இடம் அது.

அப்புறம் அட்டனில் ஆங்கிலம் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒருநாள் கடைவீதியில் ஒரு சின்ன அச்சகத்தின் வாசலில் நின்றேன். ஒருவர் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷினில் கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார். வெறும் தாளைக் கொடுக்கிறார், மெஷின் வாயை மூடித் திறக்கிறது, தாள் பேச ஆரம்பிக்கிறது. கடைசி பஸ் போனதுகூடத் தெரியாமல் நின்றேன். படித்து முடித்ததும் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் வேலை வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கொழும்புக்குப் போய், அச்சு எந்திரங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் களஞ்சியத்தில் பெட்டி எண்ணும் வேலையில் சேர்ந்தேன்.

அங்கே எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும் எனக்கு. விற்பனைப் பகுதிக்கு என்னை மாற்றியது என் திறமைக்காக அல்ல, களஞ்சியத்தில் என் தொல்லை தாங்காமல்தான் என்று மேலாளர் பின்னாளில் சொன்னார். அவர் ஒரு பறங்கியர், ஐரோப்பிய வம்சத்தில் வந்த கொழும்புக்காரர். ஆள் நேர்மையானவர், நாக்கு மட்டும் கொஞ்சம் காரம். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் நம்ம வாய்க்கு மாற்றி எழுதுகிறேன்.

"எந்தப் பகுதி வேணும் உனக்கு?"

"மலைநாடு, சேர்."

"அங்கே என்ன இருக்கு? தேயிலையும் பனியும். ரெண்டும் மெஷின் வாங்காது."

"சங்கம் இருக்கு, கோயில் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, கடை இருக்கு. எல்லாருக்கும் நோட்டீஸ் வேணும் சேர். இப்போ கண்டியில குடுத்து அடிக்கிறாங்க."

"சரி, போ. செருப்புத் தேஞ்சதும் திரும்பி வந்துடு."

செருப்பு தேய்ந்தது உண்மைதான். டயகமவிலிருந்து வலப்பனை வரைக்கும் பஸ்ஸில் மடிமேல் மெஷின் படப் புத்தகங்களை வைத்துக்கொண்டு திரிந்தேன். வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களுக்குப் பழைய விலைப்பட்டியல்களைக் கிழித்துக் கொடுத்தேன். ஆனால் திரும்பிப் போகவில்லை. டிரெடில் மெஷின்கள் ஒவ்வொன்றாக மலையேறின. அடுத்த விற்பனைக் கூட்டத்தில் மேலாளர் என் பகுதியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாராட்டு அவ்வளவுதான். எனக்குப் போதும்.

பெரிய வியாபாரம் அட்டனில்தான் கிடைத்தது. நான் பள்ளிப் பருவத்தில் வாசலில் நின்றேனே, அதே அச்சகம். முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் அச்சகம். இரண்டுக்கும் ஒரே முதலாளி. முஸ்லிம் மனிதர், பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சிரிப்பு. சொந்தப் பெயரில் தேயிலைத் தூள் பாக்கெட் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தானாகத் தாளிழுத்து அடிக்கும் சிலிண்டர் மெஷின் ஒன்று ஜேர்மனியிலிருந்து எங்களுக்கு வந்திருந்தது. கலர் லேபிளுக்கு அதுதான் சரி என்று அவரிடம் சொன்னேன்.

"தம்பி, இந்த மெஷினு நான் பொண்ணு கட்டிக் குடுக்கிற செலவுக்கு வருதே."

"பொண்ணு கட்டிக் குடுத்தா வீட்ட விட்டுப் போயிரும் முதலாளி. இது இங்கயே இருந்து சம்பாதிச்சுக் குடுக்கும்."

அவர் தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு, "இந்த வாய்க்காகவே வாங்குறேன். சரியா ஓடலண்ணா உன்னையத்தான் காலால மிதிக்க வைப்பேன்" என்றார்.

இந்த விற்பனையால்தான் எனக்கு அந்த வாய்ப்பு வந்தது. மெஷின் செய்யும் ஜேர்மன் தொழிற்சாலை எங்கள் கம்பெனியில் ஒருவருக்குத் தங்கள் ஊரிலேயே பயிற்சி தரத் தயாராக இருந்தது. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்குபவர்தான் இந்த மெஷின்களின் விற்பனைக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பாளராக முடியும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. தனி அறை, தனி வாகனம், நிர்வாகிகளின் மேசையில் நாற்காலி. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ போகிறாய். பாஸ்போட் எடுத்துக்கொண்டு வா" என்றார்.

அங்கேதான் கால் இடறியது.

நான் பிறந்தது தோட்டத்தில். அப்பா பிறந்ததும் அதே தோட்டத்தில், அதே லயத்தில். ஆனால் அப்பா பிறந்ததைச் சொல்ல ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, அந்தக் கடுதாசி இல்லாதவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் விண்ணப்பித்துத்தான் பிரஜையாக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அப்பா விண்ணப்பித்திருந்தார். விசாரணை நடந்துகொண்டே இருந்தது. பிரஜாவுரிமை இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாமல் ஜேர்மனி இல்லை. ஜேர்மனி இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் பதவி?

"மழைக்காலம் முடியிற வரைக்கும் நாற்காலியை வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது. வேற ஒருத்தரை அனுப்பணும்" என்றார் மேலாளர். இதைச் சொன்னபோது அவர் நாக்கில் காரம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதினார். அப்பா மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மிசின் ஜேர்மனியில இருந்துதான வருது?"

"ஆமாப்பா."

"அதுக்குப் பாஸ்போட் கேட்டாங்களா?"

"அது சரக்குப்பா."

"அப்ப நீயும் சரக்காப் போயிரு. தேயிலப் பெட்டியில வச்சு நானே ஆணி அடிச்சு விடுறேன். மூச்சு விட ஒரு ஓட்டை போட்டாப் போதும்ல."

"புள்ள மனசு நொந்து வந்திருக்கு, வெளையாட்டப் பாரு" என்று அம்மா அகப்பையை ஓங்கினார். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிந்த பிறகும் நாற்காலி கைக்கு எட்டாமல்தான் இருந்தது.

இதற்கு நடுவில் அட்டனிலிருந்து தந்தி வந்தது. மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி முதலாளி கேட்டிருந்தார். மேலாளர் தந்தியை என் முன்னால் போட்டு, "சான்றிதழ் இருக்கட்டும். முதல்ல இதைப் பார். இந்த மெஷின் திரும்பி வந்தா உனக்காக நான் பேச முடியாது" என்றார்.

அட்டனில் இறங்கியபோது தென்மேற்கு மழை தொடங்கிவிட்டிருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும் ஒரு லேபிளை நீட்டினார். கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம். முகத்தின் கோடு கறுப்பு, முதுகுக் கூடையில் கொழுந்து பச்சை, நெற்றிப் பொட்டும் உதடும் சிவப்பு. பொட்டு நெற்றியில் இல்லை. வலது புருவத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலையில அடிச்சா பொட்டு நெத்தியில இருக்கு. பகலைக்குப் புருவத்துக்கு வருது. அந்திக்கு உதடு கன்னத்துக்குப் போயிருது" என்றார் முதலாளி. "தம்பி, இது தேயிலை விக்கிற லேபிளா, அடி வாங்கின பொம்பளையோட போட்டோவா?"

மெஷினை ஓட்டியவர் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். நான் அவரை, சிங்களத்தில் அண்ணன் என்ற பொருளில், அய்யே என்று கூப்பிடுவேன். "மெஷின் நல்லம் தம்பி. நான் எல்லாம் இறுக்கிப் பார்த்தது. ஒண்ணும் ஆடுறது இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரி. மெஷினில் குறையில்லை. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் மயிரிழை பிசகாமல் வந்து உட்கார வேண்டும். அதற்குத் தாள் அளவு மாறாமல் இருக்க வேண்டும். காகிதமோ ஈரத்தைக் குடித்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். காலையில் வெயிலில் கறுப்பு அடிக்கிறார்கள். பகலில் பனிமூட்டம் கதவு வழியாக நடந்து வருகிறது. தாள் அதைக் குடித்து விரிகிறது. சாயங்காலம் சிவப்பு அடிக்கும்போது நெற்றி இருந்த இடத்தில் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவுடன் எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்ல வேண்டும். ஈரமா? நான் யாருடைய மகன்? ஈரத்தை இலையிலிருந்து எடுப்பதையே பார்த்து வளர்ந்தவன் அல்லவா? அன்றே அச்சகத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்தேன். துணி காயப்போடுவது போலக் கறுப்பு அடித்த தாள்களைக் கிளிப்பில் தொங்கவிட்டேன். கீழே மண்சட்டிகளில் கரி நெருப்பு. ஜன்னல்களை மூடி, தொழிற்சாலை மாடியில் கொழுந்தை வாட்டுவது போலக் காகிதத்தை வாட்டினேன். அய்யே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேர்வையைத் துடைத்தபடி, "காகிதத்துக்குக் குளிர் காய்ச்சலா?" என்று கேட்டார்.

சிவப்பு அடித்து முதல் தாளை எடுத்தோம். முதலாளி கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இப்பப் பொட்டு புருவத்துல இல்ல" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"தலைமுடிக்குள்ள போயிருச்சு."

வாட்டிய வாட்டலில் தாள் சுருங்கிவிட்டது. கொழுந்தை அளவுக்கு மேல் வாட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். காகிதத்தில் அதையேதான் செய்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வளர்ந்த ஒருவனைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அந்த வார முடிவில் வீட்டுக்குப் போனேன். ஈரமும் உலர்வும் அளக்கும் இரட்டைத் தெர்மாமீட்டர் மாடியில் தொங்கும். அது எங்கே வாங்கியது என்று விசாரிக்கத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். மாடிக்குப் போகும் படி, தேயிலை கட்டும் அறையைத் தாண்டித்தான் போகிறது. அங்கே பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள். உலர்ந்த தேயிலையைக் கொட்டுகிறார்கள், பெட்டியைக் குலுக்கி இறுக்குகிறார்கள், ஈயத்தாளை மடிக்கிறார்கள், மூடியைப் போட்டு ஆணி அடிக்கிறார்கள். வெளியே மழை கொட்டுகிறது, அறைக்குள் பனி புகை போல அலைகிறது. யாரும் அதை லட்சியம் செய்யவில்லை. மூடிய பிறகு பெட்டிக்கு மழையாவது பனியாவது? கப்பலில் கடலைத் தாண்டிப் போய் இறங்கும்போதும் உள்ளே இருப்பது இந்த அறையில் இருந்த மாதிரியே இருக்கும்.

நான் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்தத் தொழிற்சாலையைப் பார்க்கிறேன், ஆனால் அப்பா வேலை செய்யும் முனையை மட்டுமே பார்த்திருக்கிறேன். தாளுக்கு வாட்டம் தேவையில்லை. இருந்தபடியே இருப்பதுதான் அதற்குத் தேவை. என் பதில் மாடியில் இல்லை, கீழே பெட்டி போடும் அறையில் இருந்தது.

தெர்மாமீட்டரைக் கேட்காமலே அட்டனுக்குத் திரும்பி ஓடினேன். முதலாளியின் கிடங்கில் பழைய தேயிலைப் பெட்டிகள் இருந்தன. பருப்பும் மிளகாயும் போட்டு வைத்திருந்தார்.

"பெட்டியக் காலி பண்ணிக் குடுங்க முதலாளி."

"எதுக்கு?"

"காகிதம் போட."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மொதல்ல காகிதத்தக் காயப்போட்ட. இப்பப் பெட்டியில பூட்டப்போறியா? தம்பி, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"கடைசியா ஒருக்கா முதலாளி. இது சரிவரலண்ணா நானே மெஷினைத் தூக்கிட்டுப் போறேன்."

"மெஷினத் தூக்குவியோ இல்லையோ, மொதல்ல பருப்பத் தூக்கு" என்று சாக்கைக் கையில் கொடுத்தார்.

பெட்டிகளில் புது ஈயத்தாள் விரித்தோம். காலையில் கறுப்பு அடித்து மை காய்ந்ததும், பனி ஏறுவதற்கு முன்பே, தாள்களைப் பெட்டிக்குள் அடுக்கி ஈயத்தாளை மடித்து மூடினோம். அடுத்த நிறத்துக்கு அச்சை மாற்றி முடித்த பிறகுதான் திறந்தோம். அதுவும் ஒரு பிடித் தாள் எடுத்தவுடன் மூடி, அடித்து முடித்த பிறகு அடுத்த பிடி. வெளியே பனியில் எதிர்க்கடை தெரியவில்லை. சிவப்பு ஏறிய முதல் தாளை அய்யே எடுத்து என்னிடம் தராமல் முதலாளியிடம் கொடுத்தார்.

முதலாளி பார்த்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கடைப் பக்கம் திரும்பி, "இந்தத் தம்பிக்கு ஒரு பிளேன் டீ போடு. நம்ம தூள்ல போடு" என்று சத்தம் போட்டார். பொட்டு நெற்றியின் நடுவில் இருந்தது. உதடு உதட்டில் இருந்தது.

இதைக் கொழும்பில் போய்ச் சொன்னபோது மேலாளர் உடனே நம்பவில்லை. லேபிள்களை மேசையில் பரப்பி வரிசையாகப் பார்த்தார். "பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் இதே புகார்தான். நாங்க மெஷின்ல குறைன்னு ஜேர்மனிக்கு எழுதியிருக்கோம்" என்றார். "அவங்க ஆள் ஒருத்தர் சென்னைக்கு வந்திருக்கார். அடுத்து இங்கே வர்றார்."

நான் அவசரக்காரன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அந்த நிமிஷமே கேட்டுவிட்டேன்.

"சேர், அவர் அட்டனுக்கு வந்து எனக்கு அங்கேயே பயிற்சி குடுத்தா என்ன? என்னாலதானே கடல் தாண்ட முடியாது. அவர் தாண்டி வந்துட்டாரே."

"பயிற்சி அவங்க தொழிற்சாலையில நடக்கணும்."

"மெஷின் அதேதான் சேர். தாள் அதேதான். கதவு வழியா உள்ள வர்ற இந்தப் பனிமூட்டம் மட்டும் அங்கே கிடைக்காது. அவங்க மெஷின் இந்த மாதிரி ஊர்ல எப்படி ஓடுதுன்னு அவங்களுக்கும் தெரிய வேணாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

ஜேர்மன் நிபுணர் வந்தார். உயரமானவர், அதிகம் பேசாதவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். எங்கள் இருவருடைய ஆங்கிலமும் இரண்டு தினுசு. அய்யே நடுவில் கையால் மொழிபெயர்ப்பார். முதலாளி தினமும் வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்பினார். முதல் நாள் கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு நிபுணர் வெகுநேரம் மழையில் நின்றார். மறுநாள் அவரே தட்டை நீட்டிக் கேட்டு வாங்கினார்.

பயிற்சி கடுமையாக இருந்தது. மெஷினைக் கடைசி ஆணி வரை பிரித்தேன், பூட்டினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த உருளை ஒட்டவில்லை என்று சொல்ல வைத்தார். எனக்கு அது திருவிழா. ஆனால் ஒன்றில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஓரத்தில் இருந்த தேயிலைப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். மெஷினோடு வந்த கைநூலில் அப்படி ஒரு பெட்டி இல்லை. இறுதித் தேர்வு மூன்று நிற அச்சு. அதைக் கைநூல் முறைப்படிதான் செய்ய வேண்டும் என்றார்.

கைநூல் முறைப்படி செய்தால் பனியில் பொட்டு ஓடிவிடும், தேர்வில் தோற்பேன். பெட்டியில் வைத்தால் முறை மீறியவன், சான்றிதழ் கிடையாது. மழைக்காலமோ முடியப்போகிறது. இரண்டு பக்கமும் நாற்காலி நழுவுவது எனக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்க கைநூலை எழுதினவர் ஜன்னலை மூடிவச்சு எழுதியிருக்கார். எங்க ஊர்ல ஜன்னலை மூடினாலும் பனி சாவித் துவாரத்துல வரும். ரெண்டு முறையையும் செய்யிறேன். பார்த்துட்டு நீங்களே முடிவு சொல்லுங்க."

அவர் எழுந்து போய் அச்சகத்தின் எல்லா ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். அதுதான் அவருடைய பதில்.

காலையில் கறுப்பு அடித்தேன். பாதித் தாளைக் கைநூல் சொன்னபடி மேசையில் அடுக்கினேன். பாதியைப் பெட்டியில் வைத்து மூடினேன். அடுத்து பச்சை. மேசைத் தாள் மேசைக்கும் பெட்டித் தாள் பெட்டிக்குமே திரும்பிப் போயின. பகலுக்கு மேல் பனி வந்தது. திறந்த ஜன்னல் வழியாக வந்து மெஷினைச் சுற்றிக்கொண்டு நின்றது. நிபுணரின் பூதக்கண்ணாடியே மங்கி, அவர் சட்டையில் துடைத்துக்கொண்டார். கடைசியாகச் சிவப்பு.

மேசைத் தாள்கள் முதலில். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடி தேவைப்படவில்லை, பொட்டு புருவத்தில் இருந்தது. முதலாளி கடைப் பக்கத்து வாசலில் நின்று தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். ஒரு பிடி. மெஷின் ஓடியது. முதல் தாளை நிபுணரே எடுத்தார். கண்ணாடியை வைத்தார். பொட்டு, உதடு, கூடை, மறுபடி பொட்டு. பெட்டியின் அடியில் இருந்த கடைசித் தாள்வரை அடிக்கச் சொன்னார். அதையும் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு ஈயத்தாளைத் தடவிப் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார்.

"தேயிலை?" என்றார்.

"பருப்பு" என்றார் அய்யே.

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தோம்.

சான்றிதழ் படிவத்தைத் தோல்பையிலிருந்து எடுத்தார். பயிற்சி பெற்ற இடம் என்ற வரியில் அவர்களுடைய ஊர்ப் பெயர் ஏற்கனவே அச்சாகியிருந்தது. அவர் அளவுகோலை வைத்து அதன் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே பேனாவால் அட்டன் என்று எழுதினார். கீழே கையெழுத்திட்டார். மை காயும்வரை நானும் அய்யேயும் முதலாளியும் ஊதினோம்.

மேலாளர் வாக்குத் தவறாதவர். நாற்காலி எனக்குக் கிடைத்தது. லயத்தில் பிறந்தவன் அந்த மேசையில் உட்காருவது அதுதான் முதல் தடவை என்று பியூன் வந்து காதில் சொன்னார், எனக்கே தெரியாத செய்தி மாதிரி. மற்ற நிர்வாகிகளின் அறைச் சுவர்களில் வெளிநாட்டு ஊர்ப் பெயர் போட்ட சான்றிதழ்கள் தொங்குகின்றன. என்னுடையதில் கோடு அடித்த ஊர். ஏன் அடித்திருக்கிறது என்று யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பேன். கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். இப்போது மலைநாட்டில் இந்த மெஷின் வாங்கும் அச்சகங்களுக்கெல்லாம், கைநூலோடு ஈயத்தாள் விரித்த பெட்டியும் சேர்த்தே கொடுக்கிறோம். பண்டாரவளையும் நுவரெலியாவும் புகார் எழுதுவதை நிறுத்திவிட்டன. எங்கள் விண்ணப்பம் மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அம்மாவையும் அப்பாவையும் ஒரு சம்பள நாளில் அட்டனுக்குக் கூட்டிப்போய் மெஷினைக் காட்டினேன். முதலாளி அம்மாவுக்கு ஒரு பாக்கெட் தூள் கொடுத்தார். அம்மா லேபிளில் இருந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொட்டெல்லாம் சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்றார். "மழையில நின்ன மூஞ்சியாத்தான் தெரியல."

அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு வேலை காத்திருந்தது. நிபுணர் புறப்படும்போது தங்கள் தொழிற்சாலையில் காட்ட ஈயத்தாள் விரித்த பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். புதுப் பெட்டி வாங்கி, உள்ளே நாங்கள் அடித்த லேபிள் தாள்களை அடுக்கி வைத்திருந்தேன். ஈயத்தாளை மடிக்க அய்யே கையை நீட்டினார். அப்பா அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, தானே மடித்தார். மூடியைப் போட்டு, ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார். கடைசி ஆணியை அடித்துவிட்டுப் பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஜேர்மனிக்கா போவுது?"

"ஆமாப்பா."

"வழியில யாராச்சும் பாஸ்போட் கேட்டா?"

"சரக்குன்னு சொல்லும்ப்பா."

"அது ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அப்பா. மார்க் போடும் பிரஷை மையில் தோய்த்து என்னிடம் நீட்டினார். "எந்த ஊர்ல இருந்து வருதுன்னு பெருசா எழுது. படிச்சுக்கட்டும்."

பெட்டியின் நான்கு பக்கமும் அட்டன் என்று எழுதினேன்.